இரவில் உறங்காத போத்தல்

நீர்ச்செடி வளர்க்கும் நண்பர்கள் பலர் செடியின் பசுமையைப் பேசுவர், மீனைப் பேசார்.

போத்தலில் சீனிக் கரைசலுடன் மதுவம் சேர்த்துக் காபனீரொட்சைட்டைப் பெறுவது மலிவான முறை. குழாய் முனையில் நுண்துளைகளுள்ள பீங்கான் வட்டைப் பொருத்தி, தொட்டியின் அடியில் நீரோட்டம் படுமிடத்தில் வைத்தால் வாயு துகள்துகளாகப் பிரிந்து கரையும். பெருங்குமிழிகளாக விட்டால் மேலே போய் வீணாகும், அவ்வளவுதான்.

சிக்கல் இரவில் தொடங்குகிறது. விளக்கணைந்ததும் செடிகள் அவ்வாயுவை உள்வாங்கா. மாறாக, மீன்களோடு போட்டியிட்டு ஒட்சிசனை எடுக்கும். மதுவத்துக்கோ இரவு பகல் கிடையாது. சிலிண்டரைப் போல வால்வை மூடி நிறுத்தவும் முடியாது. பத்திரிகையின் இரவுப்பணி முடிந்து விடிகாலையில் வீடு திரும்பிய காலங்களில் நான் முதலில் பார்த்தது தொட்டியைத்தான். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் அது பசியன்று, மூச்சுத்திணறல். எனவே இரவு முழுதும் காற்றுப் பம்பியை ஓடவிடுவேன்.

தொட்டிக்குள் தொங்கும் கண்ணாடிக் குமிழிலுள்ள காட்டித் திரவம் பச்சையானால் லீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சளானால் மிகை. ஆனால் நிறம் மாற ஓரிரு மணிநேரம் செல்லும். மீனின் செவுள் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்ட்டிக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டியதில்லை, மெதுவாகத் தழைக்கும். என் தொட்டியில் இப்போது அதுவே மிகுதி.