மன்னியின் இரவுகள்

திங்கட்கிழமை

கும்பகோணத்தில் ஒன்றுவிட்ட அண்ணாவின் கிருஹத்தில் தங்கியிருக்கிறேன். ஆயுள் முழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் போதித்த அவர், மறதி நோய் முற்றிப்போய், மனைவியின் முகமும் தெரியாதவராய்ப் படுக்கையோடு கிடக்கிறார். வருகிறவர்கள் யாவரும் அவர் தேகநிலையை விசாரிக்கிறார்களேயன்றி, இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, முதுகில் புண் காணாமல் காத்து, அதனாலேயே இராமுழுதும் கண்ணயர முடியாதிருக்கிற மன்னியின் க்ஷேமத்தைக் கேட்டவர் ஒருவருமில்லை.

புதன்கிழமை

வாயில் வாங்கிய கஞ்சியை விழுங்க மறந்து அண்ணா அப்படியே வைத்திருந்தார். "முழுங்குங்கோ" என்று மன்னி அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கையில், பார்க்க வந்திருந்த உறவினர் ஒருவர், "மூக்கிலே குழாய் போட்டுடலாமே, பட்டினி போட்டா கொல்றது?" என்றார். மன்னி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதைவிடக் கொடிய வார்த்தையை நான் கேட்டதில்லை.

பிற்பகல், 2021ல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வந்தார். நோயாளியைத் தொடுமுன்னே, "நீங்க தூங்கினீங்களாம்மா?" என்று கேட்டார், மன்னி அழுதுவிட்டார். இந்தக் கட்டத்தில் பசி குன்றுவது வியாதியின் இயல்பென்றும், குழாயினால் ஆயுள் நீள்வதுமில்லை, உணவு நுரையீரலில் புகுந்து நிமோனியா காண்பது நிற்பதுமில்லையென்றும், தலையை உயர்த்திவைத்து ஏற்கிற மட்டும் கையால் ஊட்டினால் போதுமென்றும் அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, மன்னியின் முகம் தெளிந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் அபிப்பிராயமும் இதுவே. மன்னிக்கு வேண்டியிருந்தது மருந்தன்று, தாம் பாதகம் ஏதும் செய்யவில்லையென்ற வாக்கு.

சனிக்கிழமை

நேற்றிரவு அண்ணாவின் பக்கத்தில் நான் இருந்தேன். மன்னி விடியும் வரை உறங்கினார். கேரளத்தில், 2008ல் நோய்த்தணிப்புச் சேவை அரசின் கொள்கையாவதற்கு முன்னரே, கோழிக்கோடு, மலப்புரம் பக்கங்களில் அண்டை அயலார் பயிற்சி பெற்று இத்தகைய வீடுகளுக்குப் போய்வரப் பழகியிருந்தார்கள். நமக்கோ பழங்கள் வாங்கிப்போய், கால்மணி நேரம் உட்கார்ந்து, யோசனை சொல்லி வரத்தான் தெரிகிறது. அடுத்த முறை இப்படியொரு வீட்டுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தை விட்டுவிட்டு, மாற்று வேஷ்டியோ புடவையோ எடுத்துக்கொண்டு போங்கள்; ஓர் இராத்திரி தங்குங்கள்.