பழைய பேட்டைக் கொண்டு வாருங்கள்

அரியாங்குப்பத்தில் என்னிடம் ஷட்டில் பேட்டுக்கு கட்டிங் போட வருகிறவர்கள், "அண்ணே, அடுத்து எந்த பேட் வாங்கலாம்?" என்று கேட்காமல் போவதில்லை. பதில் பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கும் பழைய பேட்டிலேயே இருக்கும்.

கட் நடுவில் தேய்ந்து அறுந்திருந்தால் டைமிங் உள்ள ஆள். உச்சியில், ஃபிரேமை ஒட்டி அறுந்திருந்தால் அடி தப்புகிறது. அநேகமாகக் கை பிந்துகிறது. இவருக்குத் தலை கனத்த, தண்டு வளையாத பேட்டைக் கொடுத்தால் இன்னும் பிந்தும். கிரிப்பின் அகலப் பக்கத்தில் கட்டைவிரல் பதிந்த பள்ளம் தெரிகிறதா? பேக்ஹேண்டில் வேலை செய்கிறவர், டபிள்ஸில் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர். அவருக்குத் தலை லேசாக இருந்தால்தான் பேட் சட்டென்று திரும்பும்.

தலை கனமா, லேசா என்று பார்க்க பேட்டை ஒரு விரலில் படுக்க வைத்தால் போதும். பிடியின் அடியிலிருந்து அது நிற்கும் இடம் வரை சுமார் 285 மி.மீ.க்குள் இருந்தால் தலை லேசு. 295ஐத் தாண்டினால் கனம். 4யு என்று போட்டிருந்தால் 80 முதல் 84 கிராம், 3யு என்றால் 85 முதல் 89. இந்த ஐந்து கிராமைவிட, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் தோள் உணரும்.

ஸ்மாஷ் வேண்டுமென்றால் தலை கனம்தான் வேண்டும் என்று பையன்கள் அடம்பிடிப்பார்கள். 2023இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்து கின்னஸில் ஏறினாரே, அந்த ஸ்மாஷ் நானோஃபிளேர் 1000 இசட்டில் அடித்தது. தலை லேசான வரிசை அது. தண்டு மட்டும் இரும்பு மாதிரி. அதை வளைக்க அவர் கை வேண்டும்.

பூப்பந்து ஆடிவிட்டு இந்தப் பக்கம் வரும் பெரியவர்கள் தனி ரகம். இதைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள பேட்டைத் தோளிலிருந்து வீசிப் பழகியவர்கள். மணிக்கட்டு மெதுவாகத்தான் வழிக்கு வரும். அதுவரை வளையும் தண்டு, கொஞ்சம் தடித்த கிரிப்.

நம் பக்கம் மண் தரையில், கடற்காற்றில், நைலான் ஷட்டிலில் ஆடுகிறவர்களுக்கு 22, 23 பவுண்டு இழுவை தாராளம். 28 கேட்பவருக்கு சத்தம் கிடைக்கும். நடுவில் படாத அடி மட்டும் பாதி தூரத்தில் விழும்.

தலை கனக்கிறது என்று சலிக்கிறவருக்கு இன்னொரு கிரிப்பைச் சுற்றிவிட்டால் எடை கைப்பக்கம் இறங்கிவிடும். நிறையப் பேர் அதோடு புது பேட் யோசனையை விட்டுவிடுகிறார்கள்; பேட் விற்கும் கடைக்காரருக்குத்தான் என்மேல் வருத்தம்.