எசல போயா இரவு

2019 ஜூலை 16, எசல போயா. நள்ளிரவு கடந்து, 17ஆம் திகதி அதிகாலை 1.31க்குப் பூமியின் கருநிழல் நிலவைத் தொட்டது. 3.01க்கு உச்சம், நிலவின் விட்டத்தில் 65 வீதம் நிழலுக்குள் போனது. 4.29க்கு விலகியது. அப்பலோ 11 சந்திரனுக்குப் புறப்பட்டு ஐம்பது வருடம் நிறைந்ததும் அதே 16ஆம் திகதிதான்.

ஆனால் அது நாங்கள் வானம் பார்க்கிற வருடமாக இருக்கவில்லை. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது. சோதனை வருகிறதாம் என்றால், அறபு எழுத்துள்ள கிதாபுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் பெண்கள் தவித்தார்கள். எங்களிடம் வாப்பாவின் பழைய பைனாகுலர் ஒன்று இருந்தது. கடற்படைத் தளம் உள்ள ஊரில், ஒரு முஸ்லிம் வீட்டில் பைனாகுலர்! உம்மா அதைச் சீலைத்துண்டில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டா.

லிங்கநகரில் பக்கத்து வீட்டு மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஏப்ரலுக்குப் பிறகு வேலிக்கு அப்பால் ஒரு தலையாட்டல்தான். அன்று அந்திக்குப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, வாப்பான்ர பைனாகுலர் இருக்கெல்லே? இரவைக்கு மொட்டைமாடிக்கு வாங்கோ."

உம்மா என் முகத்தைப் பார்த்தா. இல்லையென்று சொல் என்பதுதான் அந்தப் பார்வை. நான் சொல்லவில்லை.

மாஸ்டர் வீட்டில் தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போட்டிருந்தார்கள். நிழல் விலகும்வரை பச்சைத் தண்ணீரும் இல்லை. துறைமுகப் பக்கம் நிலவு இறங்கிக்கொண்டிருந்தது. மேற்பாதி கருகி, கீழ்விளிம்பு மட்டும் வெளிச்சம். அருகில் சனிக் கிரகம். "இந்த வருஷத்துக்கு வேற சாட்சி வேணுமோ!" என்றார். விஞ்ஞான மாஸ்டர்தான்.

மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரியன் மறைந்தபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகளார் சொன்னதை அவருக்குச் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், அந்த நேரத்தில் சொன்னது. மாஸ்டர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அல்பிரூனி பற்றிப் பேச்சு வந்தது. 997 மே 24இல் அவர் காத் நகரிலும் அபுல் வஃபா பக்தாதிலும் நின்று ஒரே சந்திர கிரகணத்தைப் பார்த்து, நேர வித்தியாசத்தை வைத்து இரு ஊர்களின் தீர்க்கரேகை இடைவெளியைக் கணித்தார்கள். மாஸ்டருக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத்தான் ஆச்சரியம்.

கிரகணத் தொழுகைக்கு அவரே பாய் விரித்துத் தந்தார். இரண்டு றக்அத், ஒவ்வொன்றிலும் இரண்டு றுகூஉ, நீளமான தொழுகை. நிலவு இடப்பக்கம் நின்றது. இரண்டாவது றக்அத்தில் தெருவில் வாகனம் ஒன்று வேகம் குறைத்து, விளக்கு மேலே திரும்பியது. ஓத வந்தது நாவில் நின்றுவிட்டது. மாஸ்டர் எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரோரம், வெளிச்சம் முகத்தில் படும்படி நின்றார். கிரகணம் பார்க்கிறோம் என்று சிங்களத்தில் உரத்துச் சொன்னார். கீழேயிருந்து என்னவோ கேட்டார்கள். "அபே கெதர அய," என்றார். எங்கட வீட்டு ஆட்கள்.

வாகனம் போய்விட்டது.

நிழல் விலகியதும் அவர் கிணற்றடிக்கு முழுகப் போக ஆயத்தமானார். சற்று நேரத்தில் சுப்ஹு பாங்கு கேட்கும். பைனாகுலரைத் திருப்பித் தரும்போது கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருந்த அரிசி ஒன்றை நகத்தால் எடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை.