விட்டுப்போன பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். திரையில் பெட்டி பெட்டியாக இருந்தது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு. கடைசிப் பெட்டியின் மேல் 'புட்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

"இதுல நீ அனுப்பாம விட்ட ஃபீல்டை அந்தப் பக்கம் என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"அதைப் பாக்கலீங்க மாமா."

அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்லப்போகிறேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். இதில் பாதி லெட்ஜர் சமாச்சாரம்தான்.

நான் 1977-ல் கோவையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதமே லெட்ஜரில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு, எல்லோரும் செய்வது போல பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலே சரியான எண்ணை எழுதினேன். ஹெட் கிளார்க் சார் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். சுரண்டின இடத்தில் காகிதம் மெலிந்து பளிச்சென்று தெரிந்தது.

"தப்பை மறைக்காதீங்க தம்பி. சிவப்பு மையில ஒரே ஒரு கோடு. பழசு படிக்கிற மாதிரி இருக்கோணும். மேல புதுசு எழுதி, தேதி போட்டு, இனிஷியல் போடுங்க. எதை மாத்தறீங்களோ அதுல மட்டும்தான் கை வைக்கோணும். மத்ததைத் தொடாதீங்க."

அவரிடம் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு அவர் ஓய்வு பெற்றார், நான் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன்.

இனி 2012. எனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி. கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு நல நிதி உண்டு. மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம், காலமானால் குடும்பத்துக்குக் கொஞ்சம். அதன் பதிவுகளை எல்லாம் அந்த வருஷம் பிப்ரவரியில் வெளியார் ஒருவரின் மென்பொருளுக்கு மாற்றியிருந்தோம். முந்தின வருஷம்தான் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்து வார்டுகள் 100 ஆகியிருந்தன. எங்கள் ஆட்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். பர்சனல் பிரிவில் முகவரிகளைத் திருத்திவிட்டார்கள். அதே திருத்தங்களை நல நிதிப் பதிவிலும் ஏற்ற வேண்டும். மொத்தம் 612 பேர். ஒவ்வொருவராகத் தட்டச்சு செய்ய ஆளில்லை என்பதால் வேலை என்னிடம் வந்தது.

வெப் ஏ.பி.ஐ என்பதை பேங்க் கவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்ப் பேரேட்டைத் தொட நமக்கு அனுமதி கிடையாது. ஜன்னலில் சீட்டு நீட்டலாம், உள்ளே இருப்பவர் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாக ஒரு இணைய முகவரி, கடைசியில் அவருடைய எண். சீட்டின் தலையில் ஒரு வினைச்சொல் இருக்கும். 'கெட்' என்றால் காட்டு. 'போஸ்ட்' என்றால், பெரும்பாலும், புதிதாகச் சேர். 'டெலீட்' சொல்லவே வேண்டாம். 'புட்' என்றால் இதை அங்கே வை.

பைப்லைன் என்பது இந்தச் சீட்டுகளை வரிசையாக எழுதித் தரும் ஏற்பாடு. என்னுடையதில் மூன்றே பெட்டி. முதல் பெட்டி ஃபைலைப் படிக்கும். இரண்டாவது, எந்தப் பத்தியை எந்த ஃபீல்டில் போடுவது என்று பொருத்தும். மூன்றாவது சீட்டை நீட்டும். மூன்றாவதில்தான் கட்டங்கள் அதிகம்: முகவரி, வினைச்சொல், கடவுச்சொல், அனுப்புவது எந்த வடிவம், பதில் வராவிட்டால் எத்தனை முறை திரும்ப முயல வேண்டும்.

நான் 'புட்' எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2012-ன் மின்வெட்டை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த மணி போகும். யு.பி.எஸ் கூவிக்கொண்டே இருக்கும். பாதியில் இணைப்பு அறுந்தால், சீட்டு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. 'போஸ்ட்' சீட்டை இரண்டு தடவை நீட்டினால் ஒருவர் இருவராகிவிடலாம். 'புட்' சீட்டைப் பத்துத் தடவை நீட்டினாலும், ஒரு தடவை நீட்டியதற்கு என்ன பலனோ அதுதான். ஆகவே தைரியமாகத் திரும்பத் திரும்ப அனுப்பலாம். இந்த யோசனை சரியானதுதான், இன்றைக்கும் சரி.

நான் மறந்தது வேறு. 'புட்' என்றால் 'இதைத் திருத்து' என்று அர்த்தமில்லை. 'அங்கே இருப்பதை எடுத்துவிட்டு இதை வை' என்று அர்த்தம். 1999-ல் வந்த எச்.டி.டி.பி விதிநூலிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் திருத்த 'பேட்ச்' என்று தனி வினைச்சொல்லை 2010-ல் முறைப்படுத்தினார்கள். இதில் இன்னொரு வம்பு, எல்லாக் கவுண்டரும் விதிப்படி நடப்பதில்லை. நான் முன்னால் பழகிய ஒரு மென்பொருளில் 'புட்' சீட்டில் எதையாவது விட்டால் பழையதை அப்படியே வைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

என் சீட்டில் இருந்தவை எண், பெயர், முகவரி, பின்கோடு. அவ்வளவுதான். பதிவில் இருந்தவையோ தொலைபேசி, ரத்த வகை, நாமினி பெயர், நாமினி என்ன உறவு என்று இன்னும் பல.

சோதனை செய்யாமல் இல்லை. சோதனைக்கென்று நானே ஒரு உறுப்பினரை உருவாக்கியிருந்தேன். அவருக்குப் போனும் கிடையாது, நாமினியும் கிடையாது. இல்லாதவன் எதை இழப்பான்? முகவரி அழகாக மாறியது, திருப்தியாக இருந்தது.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மின்சாரம் இருந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டினேன். 612 சீட்டு, 612 பதில். எல்லாமே 200. கவுண்டர் மொழியில் 200 என்றால் வேலை முடிந்தது என்று பொருள். ஒரு சிவப்பு வரி கூட இல்லை. கேன்டீனில் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஹெட் கிளார்க் சார் தவறிவிட்டார். எண்பதைத் தாண்டியவர், தூக்கத்திலேயே போனார். சிங்காநல்லூர் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நல நிதியிலிருந்து வந்தது: 'தங்கள் கணவரின் பதிவில் நாமினி விவரம் இல்லை. வாரிசுச் சான்றிதழ் சமர்ப்பிக்கவும்.' அதற்காக வி.ஏ.ஓ.வைப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை தாலுகா ஆபீசுக்கும் போய் வந்திருந்தார், வெயிலில், எழுபத்தைந்து வயதில்.

கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தவர், மெதுவாகக் கேட்டார்:

"அவரு எம்பேரை எடுத்துட்டாருங்களா தம்பி?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"முன்ன ஒருக்கா சண்டையில, உம்பேரை எடுத்துருவேன்னு சொன்னாரு. கோவத்துலதான் சொன்னாரு. செஞ்சே போட்டாருங்களா?"

அவரை இருக்கச் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய் சாருடைய பதிவைத் திறந்தேன். புது வார்டு எண்ணோடு முகவரி துல்லியமாக இருந்தது. தொலைபேசி வெற்றிடம். ரத்த வகை வெற்றிடம். நாமினி வெற்றிடம். அடுத்தவர் பதிவைத் திறந்தேன், அதற்கடுத்தவர். பத்துப் பேருக்குமேல் பார்க்கத் தெம்பில்லை.

திரும்பி வந்து அக்காவிடம், "சார் ஒண்ணும் எடுக்கலைங்க அக்கா. கம்ப்யூட்டர் மிஸ்டேக்" என்றேன்.

முகம் தெளிந்து, "அப்படீங்களா, மிஷின்தானுங்களே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அந்த 'கம்ப்யூட்டர் மிஸ்டேக்' என்ற சொல் தீபாவளி முடியும்வரை தொண்டையில் நின்றது.

சரிசெய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்தத் தொழிலில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு உதவும். பிப்ரவரியில் மாற்றியபோது எடுத்த முழு ஃபைல் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த முப்பத்துச் சொச்சம் மாற்றங்களுக்குக் காகிதப் படிவங்கள் இருந்தன. அந்த மென்பொருளில் அப்போது 'பேட்ச்' வசதி இல்லை. ஆகவே பைப்லைனை மாற்றிக் கட்டினேன். முதலில் 'கெட்' போட்டுப் பதிவை முழுதாக வாங்குவது, அதில் வேண்டியதை மட்டும் மாற்றுவது, பிறகு முழுப் பதிவையும் 'புட்' போட்டுத் திருப்பி வைப்பது. வாங்குவதற்கும் வைப்பதற்கும் நடுவில் வேறொருவர் அதே பதிவைத் திருத்திவிட்டால் அவர் வேலை அடிபட்டுப் போகும். அதற்கும் ஏற்பாடு உண்டு. 'கெட்' பதிலோடு 'ஈ-டேக்' என்று ஒரு அடையாளம் வரும், பதிவு மாறினால் அதுவும் மாறும். 'புட்' போடும்போது 'இஃப்-மேட்ச்' என்ற தலைப்பில் அந்த அடையாளத்தைச் சேர்த்து அனுப்பினால், நடுவில் மாறியிருந்தால் கவுண்டர் 412 சொல்லி மறுத்துவிடும். மறுபடி வாங்கித் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தடவை சோதனை ஆளுக்குப் போன், நாமினி, ரத்த வகை எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். திட்டு விழுந்தது, அது நியாயமானதுதான்.

612 பேருக்கும் விவரங்கள் திரும்பி வந்தன. ஆனால் அக்காவின் விஷயம் முடியவில்லை. நிதிக் குழுவின் ஆடிட்டர் பதிவின் கடைசித் திருத்தத் தேதியைப் பார்த்தார். உறுப்பினர் காலமாகி மூன்று வாரம் கழித்து நாமினி பெயர் ஏறியிருக்கிறது. இதை எப்படி ஒப்புக்கொள்வது என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். காகித ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

பழைய ரெக்கார்டு ரூமில் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். மின்சாரம் இல்லை, டார்ச் வெளிச்சம்தான். நல நிதியின் பழைய பேரேடு கீழ்த்தட்டில் இருந்தது, காலிகோ அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. சாருடைய பக்கத்தை எடுத்தேன். நாமினி என்ற இடத்தில் அவருடைய தாயார் பெயர், அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, பெயர் இன்னும் படிக்க முடிந்தது. மேலே அக்காவின் பெயர், 'மனைவி' என்று உறவு, 1979-ம் வருஷத் தேதி. எழுத்து சாருடையது. பக்கத்தில் இருந்த இனிஷியல் அவருடையது அல்ல, என்னுடையது.

அப்போதுதான் நினைவு வந்தது. தாயார் தவறிய பிறகு பெயர் மாற்றியிருக்கிறார். தன் கணக்கில் தானே இனிஷியல் போடக்கூடாது என்று என்னைக் கூப்பிட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். இருபத்துநாலு வயதில் போட்டது, சுழி கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். பேரேட்டை வெளியே எடுத்துப்போக அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை சிங்காநல்லூர் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அன்னிக்குக் கம்ப்யூட்டர் மிஸ்டேக்னு சொன்னேங்க அக்கா. மிஷின் மேல தப்பில்லீங்க. நான் அனுப்பின சீட்டுல உங்க பேரை எழுதாம விட்டுட்டேன். அது அழிச்சுப்போடுச்சு. உங்களைத் தாலுகா ஆபீசுக்கு அலைய வெச்சது நான்தானுங்க."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பேரேட்டைக் காட்டுங்க" என்றார். மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலால் தடவிப் பார்த்தார். "அத்தை பேரு இன்னும் தெரியுது பாருங்க" என்றார்.

உள்ளே போய் காபி கொண்டுவந்தார். குடித்து முடித்துக் கிளம்பும்போது கேட்டார்:

"இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பீங்களா கண்ணு?"

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைக்குப் போனால் மின்சாரம் இல்லை. ஒரு மணி நேரம் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, வந்ததும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை லேமினேஷன் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.