மாப்பிள்ளை பேரைக் குடத்தில் போட முடியாது!

சுயமுன்னேற்றப் புத்தகங்கள் என் வீட்டில் மொத்தம் 17 இருக்கின்றன. பதினேழிலும் முதல் இருபது பக்கம் வரை சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பேன். இருபத்தோராம் பக்கத்திலிருந்து புத்தம்புதுசு. பழைய பேப்பர்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "படிக்காததுக்கும் கிலோ அதே ரேட்டுதான் சார்" என்று ஆறுதல் சொன்னார்.

என் மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. "மாப்பிள்ளை, உங்களுக்கு சிம்ம ராசி. புஸ்தகம் படிச்சுத் திருந்தற ராசி இல்ல அது. திருப்புலிவனம் போய்ட்டு வந்துடுவோம்" என்றார். மாமனார் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். எதையும் முடிவு பண்ணிவிட்டுத்தான் யோசனை கேட்பார்.

காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் பிடித்தோம். பாலாற்றைத் தாண்டி, மாகறல் தாண்டி, உத்திரமேரூருக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் வயல். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பெரிய கோயில். சுவாமி பெயர் வியாக்ரபுரீஸ்வரர். வியாக்ரம் என்றால் புலி. வியாக்ரபாத முனிவர் பூஜை செய்த இடம் என்பது ஐதீகம்.

அந்த முனிவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டு வாய் வைப்பதற்கு முன்னால், விடிவதற்கும் முன்னால், பூப்பறிக்க வேண்டும் அவருக்கு. இருட்டில் கண் தெரியவில்லை, பனியில் மரம் வழுக்கியது. சிவனிடம் போய்ப் புலியின் கண்ணும் புலியின் காலும் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்திருப்பதற்காகச் செல்போனில் வரிசையாக ஆறு அலாரம் வைத்திருக்கிறேன். ஆறையும் கண்ணைத் திறக்காமலே அணைக்கிற கலை கைவந்திருக்கிறது. அதற்கு எந்த மிருகத்தின் காலும் தேவைப்படவில்லை.

இங்கே விசேஷம் தட்சிணாமூர்த்தி. வழக்கமாக அவர் காலடியில் முயலகன் கிடப்பான், அவ்வளவுதான். இங்கே இன்னொரு காலை ஒரு சிங்கத்தின் மேல் வைத்திருக்கிறார். அதனால்தான் சிம்ம குரு என்று பெயர், அதனால்தான் சிம்ம ராசிக்காரர்கள் கூட்டம். நாங்கள் போனது வியாழக்கிழமை வேறு. சும்மா சொல்லக்கூடாது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கொஞ்ச நேரம் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அவரே வாய் திறக்காமல் பாடம் நடத்துகிறவர்தானே? ரெண்டு நாள் பயிற்சி முகாம், மதிய உணவு உண்டு, முன்பதிவு செய்தால் சலுகை என்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

எனக்கு முன்னால் நின்றவர் கொஞ்சம் உரக்கவே வேண்டிக்கொண்டிருந்தார். "என் மேனேஜருக்கு நல்ல புத்தியைக் கொடு சாமி!" பக்கத்திலிருந்த அம்மாளுக்கு மருமகள் திருந்த வேண்டும். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? அண்ணன் என்னைத் தப்பாக நினைக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதாவது, திருந்த வேண்டியது அண்ணன்!

அண்ணன் விவகாரத்தை அப்புறம் சொல்கிறேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம், கல்வெட்டைப் பாத்துடலாம்" என்றார் மாமனார். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்து எழுத்து. ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதிமுறைகள், குடவோலை முறை என்று எட்டாம் வகுப்பில் அஞ்சு மார்க் கேள்வியாகப் படித்தோமே, அதுதான். கி.பி. 919-ல் ஒரு தீர்மானம், 921-ல் இன்னொரு தீர்மானம். ரெண்டே வருஷத்தில் எதற்குத் திருத்தம் என்று கேட்கிறீர்களா? முதல் தீர்மானத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நம் ஆட்களுக்கு ரெண்டு வருஷம் போதாதா என்ன?

முதல் தீர்மானப்படி வயது 30-லிருந்து 60. அடுத்ததில் 35-லிருந்து 70. எனக்கு 34. பராந்தகன் காலத்திலும் நான் ஒரு வருஷத்தில் கோட்டை விட்டிருப்பேன். அதுவும் போக, வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். வாடகை வீட்டு பி.காம். பட்டதாரியைக் குடத்தின் பக்கத்தில்கூட விட்டிருக்க மாட்டார்கள். ஜனநாயகம் ஜனநாயகம் என்று நாம் மார்தட்டினாலும் அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். மற்ற ஜனங்களுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை. போனில் இதை விளக்கியபோது என் மனைவி கேட்டாள், "அந்தக் குடத்துல ஒரு பொம்பளை பேராவது போட்டாங்களா?" இல்லையென்றேன். "அப்ப வரும்போது காஞ்சிபுரம் இட்லி வாங்கிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

எனக்குப் பிடித்தது வேறு. மனுஷன் புத்தி எப்படிப் போகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஊர் 30 குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொன்றிலும் தகுதியானவர் பேரை ஓலையில் எழுதிக் கட்டுக்கட்டாகக் குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்த நம்பி, அதாவது பூசாரி, குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு சின்னப் பையன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அஞ்சு விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் அஞ்சு விரல்? எவனோ ஒருத்தன் விரலிடுக்கில் மச்சினன் பேர் எழுதிய ஓலையைச் சொருகி வைத்திருந்திருக்கிறான், வேறென்ன! அப்படியும் விடாமல், வாங்கியவர் படித்த பிறகு அங்கிருக்கிற நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். பதவி 360 நாள். 'நல்லவனாக மாறுவது எப்படி' என்று இவர்கள் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. விரலை விரி என்றார்கள்.

தகுதியில்லாதவர் பட்டியலுக்கு வந்தார் மாமனார். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமில்லை. அவன் சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, கூடப்பிறந்தவன், அக்கா புருஷன், மச்சினன், மாமனார் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு நீளுகிறது. ஒருத்தன் கணக்குக் காட்டவில்லையென்றால் பந்தியோடு எழுப்பிவிடுகிறார்கள்.

"மாமனாருமா?" என்றேன்.

"ஆமா மாப்பிள்ளை. நீங்க கணக்குக் காட்டலைன்னா என் பேரும் போச்சு" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடானது.

அண்ணன் விவகாரம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து அண்ணனும், திருச்சியிலிருந்து அக்காவும் பணம் அனுப்ப, நான் பி.காம். ஆயிற்றே என்று கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. இருபத்திரண்டு நாள். அப்பா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால் 6,350 ரூபாய் இடித்தது. கணக்கு இடித்தால் பி.காம். படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று எழுதித் தற்காலிகமாக மூடி வைக்கலாம். மூடி வைத்தேன்.

சஸ்பென்ஸ் ஒன்றுமில்லை. அந்த மாதம் ஒரு கட்டுரைக்கும் காசு வரவில்லை. 6,000 வீட்டு வாடகையில் போயிற்று. மிச்சம் 350 ஆஸ்பத்திரி வாசல் பிளாட்பாரத்தில் வாங்கிய ரெண்டு புத்தகம். ஒன்றின் தலைப்பு 'பணத்தை நிர்வகிப்பது எப்படி'.

அண்ணன் கணக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்ந்திருக்கும். அவன் சும்மா விசாரிக்கக் கூப்பிட்டாலும், "மீட்டிங்ல இருக்கேண்ணா" என்பேன். வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு யாரோடு மீட்டிங்?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மாமனார் டீ சொல்லப் போனார். நான் போனை எடுத்தேன்.

"என்னடா, இன்னிக்கு மீட்டிங் இல்லையா?" என்றான் அண்ணன்.

சொன்னேன். வாடகையையும் சொன்னேன், புத்தகத்தையும் சொன்னேன். பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அந்த நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"முதல் பக்கம் அப்பா எழுதினதுடா. அட்மிஷன் அன்னிக்கு நீ பேனா இல்லாம முழிச்சப்போ, 'ஆட்டோ 120'ன்னு அவரே எழுதினார். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"சரிண்ணா."

"மத்த பக்கத்தையும் அனுப்பு. அக்காவுக்கும் ஒரு காப்பி போடு. அந்த ஆறாயிரம் எப்ப தருவே?"

மாசம் ஆயிரம் என்றேன். முந்நூற்று ஐம்பதை விட்டுவிட்டாயே என்றான். அவன் பி.காம். கூட இல்லை, மெக்கானிக்கல்.

மாமனார் ரெண்டு கையிலும் டீயோடு வந்தார். "யாரு மாப்பிள்ளை போன்ல?"

"அண்ணன்."

"மீட்டிங்கா?" என்று கேட்டுவிட்டு, டீயை என் கையில் கொடுத்தார்.