அப்பாவின் பெட்டியும் சிங்கப்பூர் பில்லும்

போன மாதம் தங்கை ரங்கூனிலிருந்து ஒருவரிடம் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டை ஒழிக்கும்போது அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்ததாம். பிரித்துப் பார்த்தால்... விண்டோஸ் 98! அட்டைப்பெட்டி, சிடி, கையேடு, நீளமான எண் ஒட்டிய தாள், மடித்து வைத்த பில். எல்லாம் அப்படியே.

இதன் கதையைச் சொல்ல 1999க்குப் போக வேண்டும்.

1996 டிசம்பரில் மாணவர் போராட்டம் நடந்ததும் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள். 2000ல்தான் மறுபடி திறந்தார்கள். நான் அப்போது முதலாமாண்டு. பையன் சும்மா இருந்தால் கெட்டுப்போவான் என்று அப்பா கடன்பட்டு ஒரு பழைய கணினி வாங்கித் தந்தார். அதுவே பயந்து பயந்து வாங்கியது. 1996ல் வந்த சட்டப்படி, வலையில் இணைக்கும் கணினியை முன் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 7 முதல் 15 ஆண்டு வரை சிறை. எங்கள் கணினியில் மோடம் இல்லை என்பதை அப்பா மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இயந்திரத்துக்குத்தான் இவ்வளவு பயம். மென்பொருளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அப்போது நடப்பில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1914 காப்புரிமைச் சட்டம். வெளிநாட்டு ஆக்கங்களுக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு நகல் சிடி கிடைக்கும். பெரியப்பா 1964ல் கப்பலேறிச் சென்னை போய் பர்மா பஜாரில் கடை போட்டவர். அவரும் "இதுக்குப் போயி ஏண்டா காசைக் கொட்டுறே?" என்றுதான் கடிதம் எழுதினார்.

அப்பா கேட்கவில்லை. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் பணம் கொடுத்து, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரிலிருந்து அசல் பெட்டியை வரவழைத்தார். பணம் அம்மாவின் வளையலிலிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"நம்ம பொருளுக்கு நம்மகிட்ட பில் இருக்கணும்டா. நாளைக்கு எவனும் நம்மளை ஒண்ணும் கேக்கக்கூடாது."

1964ல் தாத்தாவின் கடையை அரசுடைமையாக்கியபோது அப்பா பள்ளிக்கூடப் பையன். காலையில் போய்ப் பார்த்தால் கடையில் வேறு பலகை. அந்த வீட்டில் வளர்ந்தவருக்குக் காகிதம்தான் சாமி. ஆனால் பிறந்த ஊரிலேயே 1982 சட்டத்தின்படி அவருக்குக் கிடைத்தது பச்சை அட்டை. இயல்பாக்கப்பட்ட குடிமகன். கொடுத்தவன் திரும்பப் பறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

நான் படிப்பை முடிக்கவில்லை. அது வேறு கதை. இப்போது ஜெர்மனியில் ஒரு உணவகத்தில் அடுப்படி வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி நிலவறையைச் சுத்தம் செய்யச் சொன்னார். அங்கேயும் ஒரு விண்டோஸ் 98 பெட்டி, ஜெர்மன் கடை பில்லோடு. "நீயே எடுத்துக்கோ" என்றார். பழைய எம்பிராய்டரி மெஷின் ஓட்டும் ஒருவர் 40 யூரோவுக்கு வாங்கிக்கொண்டார். அவருடைய மெஷினின் மென்பொருள் புதிய கணினிகளில் ஓடாதாம். அந்த நினைப்பில் அப்பாவின் பெட்டியையும் விற்கலாம் என்று நினைத்தேன். தங்கை மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். 2024ல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு அங்கே பையன்களை வைத்திருக்கும் வீடுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாப்பிட வரும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டிகள் இருக்கலாம்.

ஐரோப்பாவில் உரிமையாளர் ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அதன் மறுவிற்பனையை அவர் தடுக்க முடியாது. 2012ல் யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தரவிறக்கிய மென்பொருளுக்கும் இதைச் சொன்னது. காலவரையற்ற உரிமத்துடன் விற்றிருக்க வேண்டும்; நீங்கள் உங்கள் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். அசல் சிடி கெட்டுப்போனால், நீங்கள் எடுத்து வைத்த நகலை விற்க முடியாது என்று 2016ல் இன்னொரு தீர்ப்பு. அமெரிக்காவில் கதை வேறு. 2010ல் வெர்னர் என்பவர் பழைய ஆட்டோகேட் பெட்டிகளை விற்கப் போய் மேல்முறையீட்டில் தோற்றார். நீ வாங்கியது பொருள் அல்ல, உரிமம்தான் என்றது நீதிமன்றம்.

"அப்ப என் பெட்டியை விக்கலாம்தானே?" என்றேன்.

பில்லைப் பார்த்தார். சிங்கப்பூர் டாலர்.

"முதல் விற்பனை ஐரோப்பியப் பகுதிக்குள் நடந்திருக்க வேண்டும். இது வெளியே நடந்தது. நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இங்கே விற்க உனக்கு உரிமையில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளியின் நிலவறையில் பூசணம் பிடித்துக் கிடந்த பெட்டி சட்டபூர்வமானது. வளையல் விற்று, பில் வாங்கி, இத்தனை வருடம் டிரங்குப் பெட்டியில் பொத்தி வைத்த பெட்டி சட்டபூர்வமற்றது. இரண்டிலும் இருப்பது அதே சிடி. பிறந்த இடம்தான் வேறு.

தஞ்சம் கேட்டு இந்த நாட்டு அலுவலகங்களில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வழக்கறிஞர் நல்ல மனுசர். "40 யூரோவுக்கு உன்மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்" என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் எவனும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று வாங்கிய பொருளை, எவனும் கேட்கமாட்டான் என்ற தைரியத்தில் விற்க மனம் வரவில்லை.

ரங்கூனிலும் சட்டம் மாறிவிட்டது. 2019ல் இயற்றிய புதிய காப்புரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்பா இருந்திருந்தால், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றிருப்பார்.

இரண்டு ஞாயிறு கூடுதல் வேலை பார்த்துத் தங்கைக்குப் பணம் அனுப்பிவிட்டேன். நேற்று மருமகன் போனில் கேட்டான், "மாமா, தாத்தா பெட்டி என்ன விலைக்குப் போச்சு?"

"நல்ல விலைக்குப் போச்சுடா" என்று சொல்லிவிட்டேன். பெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பில்லும்.