பெட்டை வழி இறங்கும் நிறம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையை விட்டு விலகி, சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்ப்பக்கம் சென்றால், காப்பிச் செடிகளின் அடியில் சருகு கிளறும் நாட்டுக்கோழிகள் கருப்பும் செவலையும் வரியும் புள்ளியுமாகக் கண்ணில் படும். சிறிய உடல் கொண்டதைச் சிறுவிடை என்றும், சண்டைச் சேவலின் வழிவந்த உயரமான அசில் வகையைப் பெருவிடை என்றும் தமிழகத்தில் பிரித்துச் சொல்வர். மேலைநாட்டார் அழகுக்கென வளர்க்கும் பாண்டம் என்னும் குறுங்கோழிக்கு உருவத்தில் நெருங்கியது சிறுவிடையே எனினும், நிறம் பார்த்து இணை சேர்க்கும் கலை இங்கே பெருவிடையில்தான் வேரூன்றியது.

கீரி, மயில், காகம் எனச் சேவலின் நிறத்துக்கு உயிரினங்களின் பெயரைச் சூட்டியவர்கள் சண்டைச் சேவல் வளர்ப்போர். திண்டுக்கல்லில் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிகளில் இன்றும் மூக்கின் வளைவோடும் வாலின் நீளத்தோடும் சேர்த்து நிறமும் பேசப்படுகிறது. பார்வையாளரின் கண் சேவல் மீதே நிற்க, தேர்ந்த வளர்ப்பாளரோ சேவலை விற்றாலும் நல்ல பெட்டையை எளிதில் கைவிடுவதில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு மரபியலிலும் ஆதாரம் உண்டு. பறவைகளில் சேவலுக்கு இசட் எனப்படும் பால் நிறப்புரி இரண்டும், பெட்டைக்கு ஒன்றும் இருப்பதால், தாய் தன் ஒரே இசட்டை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே தருகிறது. இறகு வளரும்போது கருநிறமி படிவதும் நிற்பதுமாக மாறி மாறி நிகழ்வதால் உண்டாகும் வரிக்குரிய மரபணு அந்த நிறப்புரியில்தான் உள்ளது. ஆகவே வரிப் பெட்டையை முழுக்கருப்புச் சேவலோடு சேர்த்தால் ஆண் குஞ்சுகள் வரியோடும் பெண் குஞ்சுகள் வரியின்றியும் வளரும். வரி பால்வழி இறங்குவதை ஸ்பில்மேன் என்னும் ஆய்வாளர் 1908இல் எடுத்துக்காட்டினார். எல்லா நிறங்களும் இவ்வழியில் இறங்குவன அல்ல. மேலும் குஞ்சின் தூவியும் இளம்பருவ இறகும் முதிர்ந்த இறகும் வேறு வேறாக இருப்பதால், அவசரப்பட்டுக் கழிப்பவர் நல்லதையே இழக்க நேரும்.

மலையூரில் இத்தகைய பொறுமைக்கு இடம் குறைவு. பஞ்சாரத்துக்கு வெளியே திரியும் குஞ்சுகளில் வெளிறியது பருந்தின் கண்ணில் எளிதில் படுகிறது. கண்ணைக் கவரும் சேவலோ திருவிழாக் காலத்தில் நல்ல விலைக்குப் போய்விடுகிறது, அதாவது தலைமுறை பெருக்க வேண்டியதே முதலில் வெளியேறுகிறது. எஞ்சும் பழுப்புப் பெட்டையைத் தேர்ந்தெடுத்தது வளர்ப்பவரா காடா என்பது ஐயத்துக்குரியதே.

அந்தக் காட்டிலேயே சாம்பல் காட்டுக்கோழியும் உண்டு. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபணு இதனிடமிருந்து வந்திருக்க வேண்டும் என 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காட்டுச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோல் மின்னும் புள்ளிகளோ வீட்டுச் சேவலின் கழுத்தில் காணப்படுவதில்லை.